ஒரே ஆள், இரண்டு வரி

பதுளை டவுனில் ஒரு துணிக்கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். புது வீடு கேட்டுத் தேயிலைத் தோட்ட மக்கள் கொடுத்த விண்ணப்பங்களைக் கணினி அட்டவணையில் ஏற்றுவது என் வேலை. ஆளுக்கு ஒரு வரி, அந்த வரிக்கு ஒரு வீடு. ஆனால் எங்கள் சனம் லேசுப்பட்டதில்லை. ஒன்று தொலைந்தாலும் இன்னொன்று இருக்கட்டும் என்று தோட்ட ஆபீஸில் ஒரு படிவம், கோயில் கமிட்டியிடம் ஒரு படிவம் என்று கொடுத்து வைத்திருந்தார்கள். அட்டவணையில் பாதிப் பேர் இரண்டு தடவை இருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை பட்டியல் மேலிடத்துக்குப் போயாக வேண்டும். அடையாள அட்டை எண்ணைப் பலர் எழுதவில்லை. அதனால் பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, குடியிருக்கும் வரிசை வீடான லயத்தின் எண் ஆகிய நான்கும் ஒத்துப்போனால் ஒரே ஆள்தான் என்று வைத்துக்கொண்டேன். முதலில் பதிந்த வரியை விட்டுவைத்து மற்றதை அழிக்கும்படி கட்டளை எழுதினேன்.

ஒரே ஒரு தொல்லை. சிலருடைய பெயர் ஒரு படிவத்தில் வெறுமனே இருந்தது, இன்னொன்றில் 'பெரிய' என்றோ 'சின்ன' என்றோ ஒட்டோடு இருந்தது. வீட்டில் கூப்பிடுவதுதானே என்று அந்த ஒட்டையெல்லாம் வெட்டிவிட்டேன். நானும் லயத்தில் பிறந்தவள், எனக்குத் தெரியாததா என்கிற திமிர். நல்லவேளையாக, அழிப்பதற்கு முன் ஒரு பிரதி எடுத்து வைக்கும் அளவுக்குப் புத்தி இருந்தது. அட்டவணை கச்சிதமாகச் சுருங்கியதும், தோட்டங்களில் ஒட்டுவதற்குப் பட்டியலை அனுப்பிவிட்டுப் பெருமையாக டீ குடித்தேன்.

தோட்டத்தில் ஒட்டியிருந்த பட்டியலைப் பார்த்துவிட்டு, வியாழக்கிழமை காலை பூனாகலையிலிருந்து இரண்டு அம்மாக்கள் பஸ் பிடித்து வந்தார்கள். இருவருக்கும் ஒரே முகம், ஒரே மாதிரி மூக்குத்தி. இரட்டைப் பிள்ளைகள், ஒரே லயத்தில் ஆளுக்கோர் அறையாக வேறு வேறு காம்பராவில் குடும்பம் நடத்துகிறவர்கள். பெற்றவர்கள் இருவருக்கும் ஒரே பெயரை வைத்து, முதலில் பிறந்தவருக்குப் பெரிய என்றும் அடுத்தவருக்குச் சின்ன என்றும் சேர்த்திருந்தார்கள்.

"எனக்கு வீடு இருக்குங்க, தங்கச்சிக்கு இல்லயாம்" என்றார் அக்கா. "அவள லயத்துல விட்டுட்டு நான் மட்டும் எப்புடிங்க போறது?"

தங்கச்சி பிறப்புச் சான்றிதழை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. பிரதியைத் திறந்து, அவருடைய வரியைத் தேடி எடுத்து, பழையபடி சேர்த்தேன். திரையைத் திருப்பி, ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்த இரண்டு வரிகளையும் காட்டினேன்.

"மன்னிச்சிருங்கம்மா. ரெண்டு பேரையும் ஒரே ஆளுன்னு நெனச்சிட்டேன்."

அப்போதுதான் தங்கச்சி சிரித்தார்.

"பொறந்ததுலருந்து பாக்குறவங்கல்லாம் நீ பெரியவளா, சின்னவளான்னு கேப்பாங்க. கேக்காத ஆளு நீங்க ஒருத்தருதாங்க."

அவர்கள் போனதும் ஒட்டு வெட்டிய வரிகளையெல்லாம் பிரித்தெடுத்து வைத்துக்கொண்டு போனை எடுத்தேன். சாயங்காலம் வரைக்கும் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்விதான்: "நீங்க பெரியவங்களா, சின்னவங்களா?"