அதட்ட வேண்டிய தட்டு

“முன்னாடி அவ்ளோ எடம் கெடக்கு, வாசல்லயே தொங்குறியே! உள்ள போப்பா!” நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்தபடி அப்பா அதட்டுகிறார். அதட்டு வாங்குவது ஒரு செல்.

ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். அம்மா இறந்தபின் வீட்டில் பகல் நகர மறுக்கிறது என்று தினமும் என் ஆய்வகத்துக்கு வந்துவிடுகிறார். வெள்ளைக் கோட்டின் பொத்தான்களை ஒன்று தள்ளித்தான் மாட்டுவார். தரை ஆடாத அறையிலும் காலை அகட்டியே நிற்பார்.

தட்டில் இருப்பவை பெருவிழுங்கிகள். உடலுக்குள் நுழையும் அந்நியப் பொருளை விழுங்குவது அவற்றின் வேலை. இன்டர்லூக்கின்-நான்கு என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சேர்த்தால் ஒன்றோடொன்று ஒட்டும். சில நாளில் ஓருடலாகும். அப்பா அதட்டிய தட்டில் கூடுதலாக ஒட்டின. தற்செயல் என்றேன். என் மேலதிகாரி ஏற்கவில்லை. “சார் நாளைக்கும் வருவாரில்ல?” என்றார். இப்போது அதட்டும் தட்டு, அதட்டாத தட்டு என்று லேபிள் எழுதுகிறோம். அதட்டாத தட்டின் முன் அப்பா வாயைப் பொத்திக்கொள்கிறார். இருமல் வந்தால் வெளியே ஓடுகிறார்.

மாலையில் நான் கேட்பது ஒன்றுதான். “என்கூட வந்து இருங்கப்பா.”

“ஒன் வீடே ஃபுல் லோடு. நீ, மாப்பிள்ளை, புள்ளைங்க, வாஷிங் மெஷின். நான் எங்க நிக்கிறதும்மா?”

தனியாக என்ன சாப்பிடுகிறார் என்று தெரியாது. கேட்டால் “ஆச்சு” என்பார். அம்மாவின் கட்டிலில் பழைய செய்தித்தாள்களைப் பரப்பி வைத்திருக்கிறார். காலியாக விட்டால் யாராவது உட்கார்ந்துவிடுவார்களாம்.

நேற்று முதன்முறையாகக் கேள்வி கேட்டார். “அதுங்க ஒட்டுறது மருந்தாலயா, நான் கத்துறதாலயா?”

“மருந்தாலதான். ஆனா ஒடம்புக்குள்ள சும்மா ஒட்டாதுப்பா. ஒருத்தரால முழுங்க முடியாத பெரிய சமாச்சாரம் ஏதாவது வந்துட்டா, அப்பதான் சேந்துக்கும்.”

“சேந்தா முழுங்கிடுமா?”

“அப்பவும் முடியாது, பல நேரம். அதைச் சுத்தி உக்காந்துக்கும்.”

மறுபடி குனிந்தார். அதட்டவில்லை. மேலதிகாரி கவலையோடு எட்டிப் பார்த்தார். “சார், இது அதட்ட வேண்டிய தட்டு.”

“இன்னிக்கு நீங்க கத்துங்க தம்பி.”

கோட்டைக் கழற்றினார். சட்டைப்பையிலிருந்து இரவு போடும் பிரஷர் மாத்திரை அட்டையை எடுத்தார். என் முகத்தைப் பார்க்காமல், அதை என் கைப்பைக்குள் செருகி, ஜிப்பை இழுத்து மூடினார்.