நெட்டி டாக்டரும் என் வலது காலும்

சிதம்பரம் தெற்கு வீதியில் ஒரு மாடியறை. பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம் என் மனைவி படுத்திருந்தாள். இந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் நான். உள்ளே 'மளுக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அடுத்த நொடி அவள் "அப்பாடா" என்றாள். எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினாறு வருஷம் ஆகியிருந்தது. அந்தப் பதினாறு வருஷத்தில் நான் செய்த எதற்கும் அவள் இப்படி ஓர் 'அப்பாடா' சொன்னதில்லை. எனக்கு வயிறு எரிந்தது. பூசி மெழுக ஒன்றுமில்லை, பொறாமைதான்.

அது 2008. கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு ரயில் ஓடாத காலம். அகலப் பாதை போடுவதற்காகத் தண்டவாளத்தைப் பெயர்த்துப் போட்டிருந்தார்கள். கடலூர் முதுநகரில் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே குடியிருந்தும் நாங்கள் பஸ்ஸைத்தான் பிடிக்க வேண்டும். ஆலப்பாக்கம் தாண்டினால் சாலை குலுக்குகிற குலுக்கலில் நல்ல முதுகே நொந்துபோகும். இப்படிக் குலுங்கிக்கொண்டு போய் முதுகைச் சரிசெய்துகொண்டு, மறுபடி அதே பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு திரும்புவதில் என்ன லாபம் என்று அவளிடம் கேட்டேன்.

"நடு சீட்டுல ஒக்காந்தா குலுக்கல் கம்மியாம் மாமா. சார் சொன்னாரு" என்றாள்.

அவள் என் தாய்மாமன் மகள். சின்ன வயதிலிருந்தே என்னை மாமா என்றுதான் கூப்பிடுவாள். 'சார்' என்றால் திரைக்கு அந்தப் பக்கம் இருந்தவர். மலேசியாவில் பல வருஷம் வேலை பார்த்து, அங்கேயே இந்த முதுகெலும்பு வைத்தியத்தைப் படித்துவிட்டு ஊர் திரும்பியவர். போர்டில் 'கைரோபிராக்டிக்' என்று எழுதியிருந்தார். அந்தப் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. கழுத்திலும் முதுகிலும் விரலில் நெட்டி முறிக்கிற மாதிரி சத்தம் வர வைப்பதால் ஜனங்கள் 'நெட்டி டாக்டர்' என்று வைத்துவிட்டார்கள். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர். தொப்பை கிடையாது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. இதையெல்லாம் முதல் நாளே கவனித்துக்கொண்டேன்.

எனக்கு ஏன் இவ்வளவு எரிந்தது என்று புரிய வேண்டுமானால் என் காலைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் பிறக்கும்போது தலைக்குப் பதில் கால் முதலில் வந்ததாம். எங்கள் பக்கத்தில் அப்படிக் கால் முந்திப் பிறந்தவன் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுப்போகும் என்று நம்பிக்கை. அரை டிராயர் போட்ட காலத்திலிருந்து எங்கள் தெருக்காரர்கள் என் முன்னால் குப்புறப் படுத்து எழுந்திருக்கிறார்கள். காலையில் வெறும் வயிற்றில் கிழக்கே தலை வைத்துப் படுக்க வேண்டும். நான் வலது குதிகாலை இடுப்பில் வைத்து மூன்று முறை தொட்டு எடுப்பேன். மிதி என்பது பேச்சுக்குத்தான். பாரம் இறங்காது. வாங்கிக்கொண்டு எழுந்தவர்கள் "இப்ப பரவால்ல" என்பார்கள். அந்தப் 'பரவால்ல'வைக் கேட்கும்போதெல்லாம் நான் ஓர் அங்குலம் வளருவேன்.

அதற்கு வசதியாக எனக்கு வேலை கிடைத்த இடம் துறைமுகத்துப் பக்கம் ஓர் ஐஸ் கம்பெனி. நான் அங்கே மேஸ்திரி. ஐஸ் பார் ஒவ்வொன்றையும் கொக்கி போட்டு இழுத்து, குனிந்து தூக்கி வண்டியில் ஏற்றுவார்கள். தரையெல்லாம் ஈரம். வாரத்துக்கு நாலு பேருக்காவது இடுப்புப் பிடித்துக்கொள்ளும். "மேஸ்திரி, காலக் கொஞ்சம் காட்டு" என்று வருவார்கள். முதலாளிகூட இரண்டு முறை என்னிடம் படுத்திருக்கிறார். வேறு எந்த ஐஸ் கம்பெனி மேஸ்திரிக்கு அந்த மரியாதை இருந்திருக்கும்?

ஆனால் என் மனைவிக்கு மட்டும் என் கால் பலிக்கவில்லை. அவள் வீட்டில் ஜாக்கெட் தைப்பவள். காலையில் மிஷினில் குனிந்தால் நிமிர மத்தியானம் ஆகிவிடும். கழுத்திலிருந்து தோள்பட்டை, அங்கிருந்து முதுகு என்று வலி இறங்கிக்கொண்டே வந்தது. பலமுறை மிதித்துப் பார்த்தேன். எனக்காக "கொஞ்சம் தேவல" என்பாள். பத்து நிமிஷத்தில் சமையலறையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஜாக்கெட் தைக்கக் கொடுத்த ஓர் அம்மாதான் நெட்டி டாக்டரைப் பற்றி இவளிடம் சொன்னது. அந்த அம்மாவின் ஜாக்கெட்டை இன்றைக்கும் எனக்குப் பிடிக்காது.

நாலு தடவை போய் வந்ததுமே வீடு மாறத் தொடங்கியது. தையல் மிஷினுக்கு நாலு காலிலும் செங்கல் ஏறியது. அதற்கேற்ப ஸ்டூலும் உயர்ந்தது. அரைமணிக்கு ஒருதரம் எழுந்து நடக்க அலாரம். தெருக்குழாயிலிருந்து குடத்தை எப்போதும் இடது இடுப்பில்தான் வைத்து வருவாள். இப்போது இரண்டு சின்ன வாளிகள், இரண்டு கையிலும் சமமாக. கேஸ் சிலிண்டரைத் தூக்கக் கூடாது, உருட்ட வேண்டும். கீழே கிடப்பதை எடுக்க இடுப்பை வளைக்கக் கூடாது, முட்டியை மடக்க வேண்டும். எல்லாம் சார் சொன்னது. 'ஒரே பக்கமா குடம் தூக்காத' என்று நான் எத்தனை வருஷமாகக் கத்தியிருப்பேன்! அப்போதெல்லாம் ரேடியோ பாடுகிற மாதிரி கேட்டுவிட்டுப் போவாள். அவர் ஒரு தரம் சொன்னார், குடம் பரணுக்குப் போய்விட்டது.

வலி குறைந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மிஷினில் உட்கார்ந்து பாட ஆரம்பித்தாள். அவள் பாடினால் எனக்குச் சந்தோஷமாகத்தானே இருக்க வேண்டும்? இல்லை. அந்தப் பாட்டும் அவர் கொடுத்தது என்று தோன்றியது.

வீட்டோடு நின்றிருந்தாலும் பொறுத்திருப்பேன். ஒருநாள் கம்பெனிக்கு எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள் ஐஸ் ஏற்றுகிறவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, "இப்படி வளையாதீங்க அண்ணே. குந்தி ஒக்காந்து, ஐஸ் பார ஒடம்போட ஒட்டிப் புடிச்சு, காலால எழுந்திரிங்க. திரும்பணும்னா இடுப்ப முறுக்காதீங்க, காலெடுத்து வச்சித் திரும்புங்க" என்று செய்தே காட்டிவிட்டாள். அவர்கள் சிரித்தார்கள். ஆனால் செய்தார்கள். கொக்கிக்கு நீளமான பிடி போட்டுக்கொண்டார்கள். ஈரத்தில் வழுக்காமல் இருக்கச் சாக்கு விரித்தார்கள். இரண்டு மாதத்தில் 'காலக் காட்டு' என்று வருகிறவர்கள் அநேகமாக இல்லை.

"இன்னா மேஸ்திரி, காலுக்கு லீவா?" என்று ஒருவன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டில் உப்பு ஜாஸ்தி என்று தட்டைத் தள்ளினேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

அடுத்த மாதம் ஒரு வியாழக்கிழமை காலை. தீபாவளித் துணி தைக்கிற அவசரத்தில் அலாரத்தை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்ததில் அவளுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. சனிக்கிழமைதான் சிதம்பரம் போக முடியும்.

"அதுவரைக்கும் எதுக்கு? படு, நான் எடுத்து வுடறேன்" என்றேன்.

"வேணாம் மாமா. யாரும் முதுகுல மிதிக்கக் கூடாதுன்னு சார் சொல்லியிருக்காரு."

"என் காலப் பத்தி அவருகிட்ட சொன்னியா?"

"பேச்சுவாக்குல சொன்னேன்."

"அவரு சிரிச்சாரா?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரித்திருக்கிறார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அதற்குமேல் நான் பேசியதெல்லாம் எழுதத் தகுந்ததல்ல. 'அவன் கை இனிக்குது, என் கால் கசக்குதா' என்றும் கேட்டேன். அவள் முகம் சுண்டிப்போனது. பாயை விரித்துக் குப்புறப் படுத்தாள்.

அன்று நான் தொட்டு எடுக்கவில்லை. அவர் வர வைக்கிற சத்தம் எனக்கும் வர வேண்டும் என்று வெறி. இடுப்பில் வைக்க வேண்டிய குதிகாலை மேலே முதுகில் வைத்தேன். முழுப் பாரத்தையும் இறக்கினேன். 'மளுக்' என்றது. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, ஜெயித்துவிட்டேன் என்று சந்தோஷப்பட்டேன். 'அப்பாடா' வருமென்று காத்திருந்தேன். அவள் மூச்சை உள்ளே இழுக்க முடியாமல் பாயைப் பிறாண்டினாள்.

இரண்டு நாள் தைலம் தடவினேன். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால் வேண்டாம் என்றாள். பக்கத்து வீட்டில் கேட்டதற்கு வாளி தூக்கும்போது வழுக்கிவிட்டது என்று சொன்னாள். நானும் ஆமாம் என்பதுபோல நின்றேன். சனிக்கிழமை வழக்கம்போல சிதம்பரம் போனோம். நடு சீட்டில் உட்கார்ந்தும் ஒவ்வொரு குலுக்கலுக்கும் என் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அன்று திரை முழுதாக மூடவில்லை. முதுகுக்கு என்ன ஆச்சு என்று அவர் கேட்டதும், "தண்ணி வாளியோட வழுக்கிட்டேன் சார்" என்று அதே பொய்யைச் சொன்னாள்.

"எத்தன தடவ சொல்றதும்மா? நெறைய ரொப்பாதீங்கன்னு சொன்னேனா இல்லியா?" என்று கடிந்துகொண்டார். அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். எனக்கு வர வேண்டிய திட்டு அது. முதல்முறையாக அவள் அவரிடம் பொய் சொல்கிறாள், அதுவும் எனக்காகச் சொல்கிறாள் என்று நினைத்தபோது, வெட்கக்கேடு, எனக்கு உள்ளுக்குள் இனித்தது.

அவளை மேஜைமேல் படுக்க வைத்தார். முதுகில் விரலால் மெதுவாக அழுத்திக்கொண்டே வந்தார். "இங்க வலிக்குதா?"

"இல்ல சார்."

"இங்க?"

"இல்ல சார்."

அந்த இடம்தான் நான் மிதித்த இடம். மேஜை விளிம்பைப் பிடித்திருந்த அவள் விரல்கள் வெளுத்துப்போயிருந்ததை நான் பார்த்தேன். அவர் நின்ற பக்கத்திலிருந்து அது தெரியாது. இரண்டு உள்ளங்கையையும் அதே இடத்தில் பதித்தார். "மூச்ச நல்லா இழுத்து வுடுங்க" என்றார். அடுத்து ஓர் அழுத்து அழுத்துவார் என்று எனக்குத் தெரியும். எத்தனை மாதமாக அந்தச் சத்தத்துக்கு எரிந்துகொண்டிருக்கிறேன்!

"சார், கைய எடுங்க" என்று கத்திவிட்டேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். என் பொறாமை அவருக்கு முன்பே தெரியும்போல. முகத்தில் ஓர் அலுப்பு வந்தது. கையை எடுக்கவில்லை.

"வழுக்கல்லாம் வுழல சார். நான்தான் மிதிச்சேன். முழு வெயிட்டையும் வச்சி மிதிச்சேன். சத்தம் கேட்டுச்சி. வலிக்கலன்னு அது பொய் சொல்லுது."

அவர் கையைச் சட்டென்று எடுத்துவிட்டார். நான் எதிர்பார்த்த எதையும் சொல்லவில்லை. திட்டவில்லை, சிரிக்கவில்லை. ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்து, "மொதல்ல எக்ஸ்ரே எடுத்துட்டு டாக்டரப் பாருங்க. விலா எலும்பு உடைஞ்சிருந்து, நான் அழுத்தியிருந்தா உள்ள குத்தியிருக்கும். நல்லவேள சொன்னீங்க" என்றார். அவளை மெதுவாக ஒருக்களித்து எழுப்பும்போது என்னைக் கூப்பிட்டு, எங்கே கை கொடுக்க வேண்டும் என்று காட்டினார். அவர் என்னை நாலு வார்த்தை கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தப் பெருந்தன்மைக்கும் சேர்த்து அவர்மேல் பொறாமைப்பட்டேன்.

எக்ஸ்ரே எடுத்தவர் படத்தைப் பார்த்துவிட்டு, விலா எலும்பு இரண்டில் விரிசல் என்றார். டாக்டருக்காக ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் காத்திருந்தோம். அவள் என்னைப் பார்க்காமல் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் சொன்னீங்க?" என்றாள். "அவுரு முன்னாடி நீங்க தல குனிஞ்சி நிக்கக் கூடாதுன்னுதான நான் பல்லக் கடிச்சிக்கிட்டு படுத்திருந்தேன்."

இத்தனை மாதம் அவள் யார் பக்கம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவன் நான். அவளோ என் மானத்துக்காக உடைந்த எலும்போடு இன்னொரு அழுத்துக்குத் தயாராகப் படுத்திருந்திருக்கிறாள். அவர் என்ன சொன்னார், எங்கே தொட்டார், எவ்வளவு நேரம் ஆனது என்றெல்லாம் ஒவ்வொரு சனிக்கிழமையும் அவளைக் குடைந்திருக்கிறேன். முதுகு எப்படி இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

"ரொம்ப வலிக்குதா?" என்றேன்.

அதுவரை எல்லோரிடமும் இல்லை இல்லை என்றவள், என் தோளில் சாய்ந்து அழ ஆரம்பித்தாள்.

"வலிக்குது மாமா" என்றாள்.