ஞாயிறு இரண்டு முதல் நாலு வரை

எங்கள் அலுவலகத்தில் ஒருமுறை நேர நிர்வாகம் பற்றிப் பேச ஓர் அம்மா வந்தார். "உங்களுக்கு உண்மையா என்ன வேணும்? ஒண்ணே ஒண்ணு எழுதுங்க. நேரம் தானா கிடைக்கும்" என்று ஆளுக்கொரு தாள் கொடுத்தார். பக்கத்து நாற்காலித் தோழி 'சொந்த வீடு' என்று எழுதினாள். நான் வெகுநேரம் யோசித்து, 'ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கம்' என்று எழுதினேன்.

சாரம் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டில் அது நடக்கிற காரியமில்லை. ஞாயிறு என்றால் விருந்தாளி, பஜ்ஜி, துணி மடிப்பு, மகளின் பள்ளி ப்ராஜெக்ட். தூங்கப் போகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அதனால், பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்திருக்கிறேன், ஞாயிறு இரண்டு முதல் நாலு வரை என்று வீட்டில் சொல்லிவிட்டேன்.

மாமியாருக்கு ஒரே பெருமை. தண்ணீர் பாட்டிலை நிரப்பிக் கொடுத்து அனுப்பினார். நான் நோட்டுப் புத்தகத்தோடு அடுத்த தெருவில் தனியாக இருக்கும் அதே தோழியின் வீட்டுக்குப் போய், பாயை விரித்து, ஃபேனைப் போட்டுத் தூங்கினேன். ஆகா, அப்படி ஒரு தூக்கம்!

"அம்மா, கன்னத்துல என்னா கோடு கோடா இருக்கு?" என்றாள் மகள்.

"டெஸ்க் பழசும்மா."

இரண்டு மாதம் இப்படியே ஓடியது. பிறகு நாத்தனார் குழந்தைக்குக் காதுகுத்து வந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற பெரிய மாமனார் பிரான்சிலிருந்து வந்திருந்தார். பயந்தபடியே, பந்தி நடுவில் மாமியார் சத்தமாகச் சொன்னார்: "எங்க மருமவ பிரெஞ்சு படிக்கிறா. பேசிப் பாருங்க மாமா!"

பந்தியே திரும்பிப் பார்த்தது. பெரிய மாமனார் பிரெஞ்சில் ஏதோ நீளமாகக் கேட்டார். ஆமாம் என்பதற்கு 'உய்' என்று எனக்குத் தெரியும். "உய்" என்றேன். மாமியார் முகம் மலர்ந்தது. பெரியவர் இன்னொன்று கேட்டார். திரும்பவும் அதையே சொன்னால் நன்றாக இருக்காதே என்று, இல்லை என்பதற்கான "நோன்" என்றேன், தலையை வேறு பலமாக ஆட்டி.

பெரியவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "சாப்டியான்னு கேட்டேன், ஆமாம்னு சொல்லுது. பாயசம் நல்லாருக்கான்னு கேட்டா, இல்லவே இல்லையாம்!"

பாயசம் வைத்தது மாமியார்.

அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும் எனக்கு வேறு வழி தெரியவில்லை. "அத்தை, எனக்கு பிரெஞ்சே தெரியாது. ரெண்டு மாசமா தூங்கத்தான் போனேன்" என்று அத்தனை பேர் முன்னாலும் உளறிவிட்டேன்.

கணவர் அப்பளத்தைக் கடிக்காமல் அப்படியே வைத்திருந்தார். மாமியார் கேட்டார்: "தூங்கவா போன? அப்ப பாயசம் நல்லாத்தான இருக்கு?"

"ரொம்ப நல்லாருக்கு அத்தை."

"அத மொதல்லயே சொல்றதுக்கு என்னா?"

அடுத்த ஞாயிறு இரண்டு மணிக்கு எங்கள் அறையிலேயே படுத்தேன். சற்று நேரத்தில் மாமியார் தலையணையோடு வந்து, "தள்ளிப் படு. எனக்கும் ரொம்ப நாளா ஆசை" என்றார். வாசலில் யாரோ மணி அடித்தார்கள். கணவர் போய்க் கதவைத் திறந்து, "ரெண்டு பேரும் தூங்குறாங்க, நாலு மணிக்கு மேல வாங்களேன்" என்பது கேட்டது.

வந்தவர் கோபித்துக்கொள்ளவில்லை. நாலரைக்குத் திரும்பி வந்தார். அவர் முகத்திலும் தூங்கி எழுந்த களை இருந்தது.