மூன்றாவது ஓட்டம்

சொந்தமாகச் சின்னக் காமிராவில் சினிமா எடுக்கிறவர்களுக்கென்று நாகர்கோவிலில் ஒரு பத்திரிகை நடந்தது. பெயர் ‘கைப்படம்’. சுதந்திரம் வந்து இரண்டாம் வருஷம் தொடங்கியது. எங்கள் பகுதி திருவிதாங்கூரை விட்டு மதராஸோடு சேர்ந்த வருஷம் நின்றது. தொடங்கியவர் ஞானமுத்து சார். நின்றதில் எனக்கும் பங்கு உண்டு. நான் அதை அச்சடித்த அச்சகத்தில் ஈய எழுத்து அடுக்குகிற கம்பாசிட்டர். படிப்பு நாலாம் வகுப்பு. இப்போது அச்சகத்தில் இருக்கிற பிள்ளைகள் எழுதித் தரச் சொன்னதால் எழுதுகிறேன்.

1. நடிகை இல்லாத சினிமா

ஞானமுத்து சார் பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். சீமைக்குத் திரும்பிய ஒரு தோட்டத்துத் துரையிடம் காமிரா வாங்கியிருந்தார். முதல் இதழுக்குக் கையெழுத்துப் பிரதி கொண்டுவந்த அன்று, சினிமாப் பத்திரிகை என்று கேட்டதும் நான் கையைக் கழுவிவிட்டு வந்து நின்றேன்.

“நடிகை படம் உண்டுமா சாரே?”

“நடிகை இல்ல. அவனவன் வீட்டுப் பிள்ளையும் பசுவும் நடிக்கிற சினிமாவாக்கும்.”

அதற்குள் வீட்டுக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன், நான் இனி சினிமா லைனில் என்று. என் வீட்டுக்காரி அதை நம்பி நாலு வீட்டில் சொல்லிவிட்டாள். அந்த நாலு வீட்டுக்காரர்களும் பிறகு ஏழு வருஷம் என்னைப் பார்க்கும்போதெல்லாம் என்ன படம் நடக்குது என்று கேட்டார்கள்.

2. நான் நிபுணன் ஆனது

மூன்று மாதத்துக்கு ஓர் இதழ். டாக்டர்கள், தோட்ட மானேஜர்கள், ஜவுளிக்கடைக்காரர்கள் வாங்கினார்கள். திருவனந்தபுரம், திருநெல்வேலி, கொழும்பு வரைக்கும் போயிற்று. மழைக்காலத்தில் பிலிமில் பூசணம் பிடிக்காமலிருக்க என்ன செய்வது என்று ஒருவர் கேட்பார். அரிசியை வறுத்துத் துணியில் முடிந்து டப்பாவுக்குள் வை என்று சார் பதில் எழுதுவார். இரண்டையும் நான் எழுத்து எழுத்தாக அடுக்குவேன். அடுக்கினால் மண்டையில் நின்றுவிடும். அச்சகத்துக்கு நேரில் வருகிறவர்களுக்கு, சார் இல்லாவிட்டால், நானே பதில் சொல்ல ஆரம்பித்தேன். காமிராவைக் கையால் தொட்டதில்லை. அந்தச் சினிமா ஒன்றைக் கண்ணால் பார்த்ததும் இல்லை. ஆனால் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, “வெளிச்சம் பத்தாது” என்று சொல்வேன். பெரும்பாலும் அது சரியாகவே இருந்தது.

பத்திரிகை நன்றாக நடந்த வருஷம் வாசகர்கள் எல்லோரும் வட்டக்கோட்டையில் கூடினார்கள். பதினொரு காமிரா. கோட்டையையும் கடலையும் எடுக்கத்தான் போனார்கள். படம் கழுவி வந்தபோது பதினொன்றிலும் மற்ற பத்துப் பேர் காமிராவைக் கண்ணில் வைத்து நின்றார்களாம். கடலை ஒருவரும் எடுக்கவில்லை. சார் அதையும் ஒரு கட்டுரையாக எழுதினார். அந்த இதழ் நன்றாகப் போயிற்று.

3. தட்டு விழுந்தது

இந்தக் காமிராவில் பிலிம் இரண்டு முறை ஓடும். முதலில் ஓரத்தில் ஒரு பாதி. பிறகு சுருளைத் திருப்பிப் போட்டால் மறு பாதி. கழுவுகிற இடத்தில் நடுவே கீறி ஒட்டித் தருவார்கள். புதிதாக வருகிறவர்களுக்காகச் சார் இதை வரிசையாக எழுதினார், கலர் பிலிமையும் சேர்த்து. புரூப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு, அவசரத்தில் அதையும் கையெழுத்துப் பிரதியையும் எடுத்துக்கொண்டு நெய்யூருக்குப் போனார். அவர் மனைவிக்கு அங்கே ஆஸ்பத்திரியில் ஆபரேஷன்.

மறுநாள் அந்தப் பக்கத்தை மிஷினுக்குக் கொண்டுபோகும்போது எழுத்து அடுக்கின தட்டு கையிலிருந்து விழுந்தது. எழுத்தெல்லாம் தரையில். பொறுக்கி, மனதில் நின்றதை வைத்துத் திரும்ப அடுக்கினேன். கடைசியில் ஒரு வரிக்கு இடம் மிஞ்சியது. அந்த வரி என்ன என்று ஞாபகம் வரவில்லை. கலரைப் பற்றியது என்று மட்டும் தெரியும்.

எழுத்து விழுந்தால் புதுப் புரூப் எடுத்து எழுதினவரிடம் காட்ட வேண்டும். அதுதான் முறை. நெய்யூர் பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். நான் போகவில்லை. எனக்குத் தெரியாததா என்று நின்று யோசித்தேன். எங்கள் இதழின் கலர் அட்டை மஞ்சள், சிவப்பு, நீலம் என்று மிஷினில் மூன்று தடவை ஓடும். கலர் என்றால் கூடுதல் ஓட்டம். இது அச்சகத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆகவே, ‘கலர் பிலிமானால் இன்னொரு முறை திருப்பிப் போட்டு ஓட்டவும்’ என்று அடுக்கினேன். வரி அளவாக உட்கார்ந்தது. சந்தோஷமாக இருந்தது.

அச்சான இதழைச் சார் பார்த்தார். கையெழுத்துப் போட்ட பக்கத்தை யாரும் மறுபடி படிப்பதில்லை.

4. இரணியல்காரர்

ஏழெட்டு மாதம் கழித்து இரணியலிலிருந்து தங்கமணி வந்தார். ஜவுளி வியாபாரி. மகள் கல்யாணத்தைக் கலரில் எடுத்திருந்தார். கல்யாணம் முடிந்த வாரமே மகளும் மருமகனும் மலேயாவுக்குக் கப்பல் ஏறிவிட்டார்கள். பிலிம் வெளிநாட்டுக்குப் போய்க் கழுவி வர அத்தனை நாள். வந்த படத்தில் தாலி கட்டின பாகம் முழுவதும் வேறொரு படம் மேலே ஏறிக் கிடந்தது. அவர் சண்டைக்கு வரவில்லை.

“எனக்க கைதான் எங்கயோ தப்பிப் போச்சு சாரே. புத்தகத்தில சொன்ன மாதிரிதான் மூணு மட்டம் ஓட்டினேன்.”

இரண்டு பாதியும் நிறைந்த பிலிமை மறுபடி ஓட்டினால், கலரானாலும், பழைய படத்தின் மேலேயே புதுப் படம் விழும். சார் இதழை வாங்கிப் படித்தார். அந்த வரியில் விரலை வைத்தார். என்னைப் பார்த்தார். நான் கேஸில், அதாவது எழுத்துப் பெட்டியில், எழுத்துப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். வேலை ஒன்றும் இல்லை, சும்மா பொறுக்கினேன்.

“உம்ம கை தப்பல்ல. இது நான் செய்த தப்பாக்கும்” என்றார் சார்.

அடுத்த இதழுக்கு வருத்தம் தெரிவித்து எழுதினார். பிழை தம்முடையது என்று கையொப்பம். அதையும் நான்தான் அடுக்கினேன். ஓர் எழுத்துக்கூட மாற்றவில்லை. மாற்றியிருக்க வேண்டியது அதைத்தான்.

5. நான் பார்த்த படம்

ஏதாவது மீட்க முடியுமா என்று பார்க்கச் சார் இரணியலுக்குப் புறப்பட்டார். புரொஜக்டரைத் தூக்க ஆள் வேண்டும் என்று என்னையும் கூப்பிட்டார். தூக்க ஆள் எத்தனையோ பேர் கிடைப்பார்கள்.

பகல் நேரம். கடைக்கு மேல்மாடியில் ஜன்னலுக்கெல்லாம் ஜமுக்காளம் கட்டி, வேட்டி ஒன்றைத் திரையாக விட்டிருந்தார்கள். படம் ஓடியது. இத்தனை வருஷத்தில் நான் பார்த்த முதல் சின்னச் சினிமா அது. மணவறையில் பெண்ணும் மாப்பிள்ளையும் இருக்கிறார்கள். அவர்கள் மேலேயே ஒரு காளை நின்று எச்சில் இலை தின்கிறது. மூன்றாம் முறை ஓட்ட வேண்டுமே என்று, பந்தல் பிரிக்கும்போது தொழுவத்துப் பக்கம் எடுத்தாராம் தங்கமணி. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கிறார். அவர் தலை இருக்கிற இடத்தில் காளைக்குத் தலை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கினேன்.

தங்கமணியின் மனைவி திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார். இன்னொரு மட்டம் போடச் சொன்னார். சார் போட்டார். அந்த அம்மா காளையின் வயிற்றில் விரல் வைத்து, “இஞ்ச தெரியுதுல்லா, இது மவளுக்க வளையல்” என்றார். மூன்றாவது மட்டமும் போடச் சொன்னார். மகளின் முகத்தைத் தேடினார். முகம் இருந்த இடத்தில் காளையின் வால் ஆடிக்கொண்டிருந்தது.

அப்போது சொல்லிவிட்டேன்.

“அந்த வரி சார் எழுதினதில்ல. நான் போட்டதாக்கும்.”

தங்கமணி என்னைத் திரும்பிப் பார்த்தார். “எதுக்கு வே?”

“எங்க அட்டை கலருக்கு மூணு மட்டம் ஓடும். அதனால.”

அவர் திரும்பத் திரையைப் பார்த்தார். பிறகு, “பக்கத்திலதான நெய்யூரு. ஒரு வார்த்தை போய்க் கேட்டிருக்கலாம்லா” என்றார். அவ்வளவுதான். அவர் திட்டியிருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

 திரும்பும் வழியில் சார் சொன்னார், தங்கமணி வந்த அன்றே, கேஸ் பக்கத்திலேயே, நான் சொல்லுவேன் என்று எதிர்பார்த்தாராம்.

6. கடைசி இதழ்

என் வரியை நம்பி மூன்றாம் முறை ஓட்டினவர்கள் இன்னும் சிலர் இருந்தார்கள். அவர்கள் விலகினார்கள். மற்றவர்கள் இதழில் எது வந்தாலும், இது நிஜந்தானா என்று சாருக்குக் கார்டு போட்டுக் கேட்டுவிட்டே செய்தார்கள். அதற்குப் பதில் எழுதவே அவருக்கு நேரம் சரியாக இருந்தது. வெளிநாட்டுப் பிலிமும் சரிவரக் கிடைக்காமல் போயிற்று. இதழ் மெலிந்து எட்டுப் பக்கம் ஆயிற்று. கடைசியாக ஒன்று போட்டுவிட்டு நிறுத்துகிறேன் என்று சார் சொன்னார்.

அந்த எட்டுப் பக்கத்துக்கும் நான் மூன்று முறை புரூப் எடுத்தேன். ஒவ்வொரு முறையும் சைக்கிளில் அவர் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

“நிக்கப்போற பத்திரிகைக்கு எதுக்கு ஓய் மூணு புரூப்?” என்றார்.

“கலருக்கு இருக்கட்டும் சாரே” என்றேன். அவர் சிரித்தார்.

பிள்ளைகளுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவே. தட்டு எல்லார் கையிலிருந்தும் விழும். விழுந்தால் போய்க் கேளுங்கள். அந்தக் கடைசி இதழ் என்னிடம் இன்னும் இருக்கிறது. அதில் ஒரு பிழையும் கிடையாது. வாங்கத்தான் ஆள் இல்லை.