மீனாம்பிகையின் பிளொப்பி

கொம்பியூட்டரைப் போட்டதும் மீனாம்பிகை முதலில் எல், எஸ் என்று இரண்டு எழுத்துத் தட்டுகிறார். கோப்புகளின் பெயர்கள் திரையில் வரிசையாக வருகின்றன. அந்தக் கட்டளை அந்த மெசினுக்குச் சொந்தமானதல்ல. அதில் ஓடும் இயக்குதளம் டொஸ். மீனாம்பிகைக்குக் கைவந்தது யுனிக்ஸ். சென்னையில் ஆறு வருடம் அதில்தான் வேலை. யுனிக்ஸின் கட்டளைகளை டொஸ்ஸுக்குள்ளும் ஓடும்படி யாரோ எழுதியிருந்தார்கள். அதை பிளொப்பி எனும் மெல்லிய தட்டொன்றில் பிரதிசெய்து, சேலை மடிப்புக்குள் வைத்து ஊருக்குக் கொண்டுவந்தார்.

"விரல் பழகிப்போச்சு. இனி மாத்தேலாது" என்கிறார்.

இப்போது சுன்னாகத்தில் ஒரு நிவாரண அலுவலகத்தில் வேலை. இந்தியாவில் அகதி முகாம்களில் இருப்பவர்களின் பட்டியல்கள் ஆங்கிலத்தில் இங்கே வருகின்றன. பொறுப்பாளர் சோமசேகரத்துக்கு அந்தப் பிளொப்பி பிடிக்காது.

"புத்தகத்திலை உள்ளதை மட்டும் தட்டுங்கோ பிள்ளை. மெசின் பழுதானா ஆர் பதில் சொல்லுறது?"

"ஓம் ஐயா" என்பார் மீனாம்பிகை. மறுபடி எல், எஸ்.

போன செவ்வாய்க்கிழமை கரவெட்டியிலிருந்து கந்தப்பு வந்தார். எண்பத்தேழில் சண்டைக்குள் இந்தியாவுக்கு வள்ளமேறிய மகன் பஞ்சலிங்கத்தைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. முன்பு இரண்டு தடவை சோமசேகரமே தேடிவிட்டு, இல்லையென்று திருப்பி அனுப்பியிருந்தார்.

"இங்கிலீசிலை பேரை எப்பிடி எழுதுறவர்?" என்று மீனாம்பிகை கேட்டார்.

"எனக்கென்ன தெரியும் பிள்ளை. பஞ்சலிங்கம் எண்டு கூப்பிடுறனாங்கள்."

டொஸ்ஸின் தேடல், கொடுத்த எழுத்துகள் அப்படியே இருந்தால்தான் காட்டும். முகாமில் எழுதியவரோ காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். யுனிக்ஸின் 'கிரெப்' கட்டளைக்குத் தலையையும் வாலையும் சொன்னால் போதும்.

"முன்னுக்குப் 'பன்', முடிவிலை 'லிங்கம்'. நடுவிலை என்னவும் இருக்கட்டும்" என்று சொல்லியபடியே தட்டினார்.

பதினொரு வரிகள் வந்தன. ஒவ்வொன்றாக வாசித்தார். ஒன்பதாவதில் குரல் மெதுவானது. "தகப்பன் கந்தப்பு. ஊர் கரவெட்டி. வயது இருபத்திரண்டு. 'சி, எச்' வரவேண்டிய இடத்திலை 'ஜே' போட்டிருக்கினம்."

"உயிரோடை இருக்கிறானோ?"

"இந்த வருசம் தை மாசம் முகாமிலை அரிசி வாங்கியிருக்கிறார், ஐயா."

கந்தப்பு கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பின்னால் நின்ற சோமசேகரம் தொண்டையைச் செருமினார். "உந்தப் பிளொப்பியை இன்னொரு பிரதி எடுத்து வையுங்கோ, பிள்ளை."

"அவன்ரை பேரை நான் ஒருக்காப் பாக்கலாமோ?" என்றார் கந்தப்பு. அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது.

மீனாம்பிகை எழுந்து, பாரமான திரையை இரண்டு கையாலும் அணைத்து, அவர் பக்கம் திருப்பினார்.