மன்னிப்புக் கேட்காத வில்லன்

காலையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது பாலன் மாஸ்டரின் மகள் கவிதா போனில் கூப்பிட்டாள். "அத்தை, அப்பா போயிட்டாரு. தூக்கத்துலயே." சொல்லிவிட்டு அழுதாள். நானும் அழுதேன். கொஞ்ச நேரம் கழித்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே அவள் கேட்டாள்: "பேப்பருக்குப் படம் குடுக்கணும் அத்தை. வீட்டுல இருக்கிற படமெல்லாம் யாரையோ வெட்டப் போற மாரியே இருக்கு. சிரிச்ச மாரி ஒங்ககிட்ட ஏதாச்சும் இருக்கா?"

என்னிடமும் இல்லை. நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டிருக்கும் மனுஷன், கேமராவைக் கண்டால் மட்டும் புருவத்தைத் தூக்கிவிடுவார். மகளின் கல்யாணப் படத்தில்கூட மணப்பெண்ணைக் கடத்திக்கொண்டு வந்தவர் போலத்தான் நிற்கிறார். தேடித் தேடிக் கடைசியில் பேரன் பிறந்தநாளில் கேக் வெட்டும் படம் ஒன்று கிடைத்தது. சிரிப்பு இருந்தது. கையில் கத்தியும் இருந்தது. கத்தி தெரியாதபடி வெட்டித்தான் பேப்பருக்குக் கொடுத்தோம். நீங்கள் பார்த்த படம் அதுதான்.

பாலன் மாஸ்டரைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். தனபாலன் என்று முழுப்பெயரைச் சொன்னால் எங்கள் பேராக் மாநிலத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. "அந்தப் பாவிதான்லா" என்றால் உடனே தெரியும். பீடோர் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் பிறந்து, அங்கே சிலம்பமும் பிறகு ஈப்போவில் கராத்தேயும் கற்றவர். பகலில் கையுறைத் தொழிற்சாலைப் பெண்களை ஏற்றி இறக்கும் பஸ்ஸை ஓட்டினார். மாலையில் புந்தோங்கில் கராத்தே வகுப்பு. விடுமுறை நாளில் டிவி நாடகத்தில் கொலை, கொள்ளை, ஆள்கடத்தல். அவர் செய்த அட்டூழியங்களில் பெரும்பாலானவற்றை எழுதிக்கொடுத்தவள் நான். மற்ற நேரத்தில் பீடோரில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கடிதமும் கணக்கும் எழுதும் கிராணி வேலை பார்த்த ஸ்டெல்லா.

அவர் வில்லனாக வரவேண்டும் என்று யாரும் திட்டம் போடவில்லை. லூமுட்டில் என் முதல் நாடகத்தின் படப்பிடிப்பு. கதாநாயகனுக்குச் சண்டை சொல்லிக்கொடுக்கத்தான் மாஸ்டரை அழைத்திருந்தோம். துறையில் கட்டியிருந்த மீன்பிடிப் படகில் சண்டை. வில்லனாக நடிக்க வந்தவர் படகில் கால் வைத்ததும் வாந்தியெடுக்க ஆரம்பித்து, கரைக்கு வந்த பிறகும் நிறுத்தவில்லை. இயக்குநர் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். பிறகு மாஸ்டரின் மீசையைப் பார்த்தார். "அண்ணே, நீங்களே நின்னுடுங்களேன்லா" என்றார்.

கதாநாயகனோ பூஞ்சை உடம்பு. அவர் விட்ட குத்து மாஸ்டரின் மூக்குக்கு ஒரு முழம் முன்னாலேயே நின்றுவிட்டது. அப்படியும் மாஸ்டர் பறந்தார். மீன் கூடைகளில் மோதி, உருண்டு, கடலில் விழுந்தார். பங்கோர் தீவுக்குப் போகும் ஃபெரிக்குக் காத்திருந்த கூட்டம் கை தட்டியது. சொட்டச் சொட்ட ஏறி வந்தவரிடம், "கையே படலையேண்ணே!" என்றேன். "பட்டா எவனும் விழுவான் தங்கச்சி. படாம விழுறதுதான் வேலை" என்றார். அன்றைக்கே இந்த ஆளை விடக்கூடாது என்று முடிவு செய்துவிட்டேன்.

எங்களுக்கு விமர்சகர்கள் என்று தனியாக யாரும் கிடையாது. மாஸ்டரின் பஸ்தான் இருந்தது. முதல் நாள் நாடகத்தில் அவர் யாரையாவது அடித்திருந்தால், மறுநாள் காலை பஸ்ஸில் ஏறும் பெண்கள் ஒவ்வொருவராக அவரைத் திட்டிவிட்டுத்தான் உட்காருவார்கள். "ஏன்லா அந்தப் புள்ளைய வெளிய தள்ளுனீங்க? ஒங்களுக்கெல்லாம் நல்ல சாவு வருமா?" "மழையில நிக்கவெச்சிட்டீங்களே, மனசாட்சி இருக்கா?" அத்தனையும் வாங்கிக்கொண்டு வண்டி ஓட்டுவார். சில நாள் காலையில் எனக்குப் போன் வரும். குரல் வாடியிருக்கும். "தங்கச்சி, நேத்து எழுத்து சரியில்ல. யாரும் ஒண்ணும் சொல்லல. பாட்டு கேட்டுக்கிட்டு வாராங்க." உடனே அடுத்த வாரத்துக்கு இன்னும் இரண்டு பாவங்களைச் சேர்த்து எழுதுவேன்.

ஒருமுறை ஈப்போவில் கோயில் அன்னதானத்தில் அவரும் நானும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தோம். பாயசம் கொண்டுவந்த அம்மாள் அவர் முகத்தைப் பார்த்தார், வாளியைத் தூக்கினார், அவர் இலையைத் தாண்டி எனக்கு ஊற்றிவிட்டுப் போனார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மாஸ்டர் அந்த அம்மாளைப் பார்த்துக் கும்பிட்டார். "மத்தவனுக்கெல்லாம் மேடையில அவார்டு. எனக்கு இங்கதான் குடுத்தாங்க" என்றார். பிறகு என் பாயசத்தில் பாதியை எடுத்துக்கொண்டார், அது வேறு கதை.

விளையாட்டு வினையானது கவிதாவின் கல்யாணப் பேச்சில்தான். அவளும் சுரேஷும் ஒரே வங்கியில் வேலை செய்தவர்கள். இருவருக்கும் பிடித்துப்போய், பெண் பார்க்க வருவதற்கு நாளும் குறித்தாகிவிட்டது. சுரேஷின் அம்மா மங்களம் அக்கா சிலிம் ரிவர் ஊரில் இருந்தார். கணவர் இல்லை, ஒற்றை மகன். பெண்ணின் அப்பா யார் என்று அவருக்குத் தெரிந்தது கடைசியில்தான். அப்போது ஓடிக்கொண்டிருந்த நாடகத்தில் மாஸ்டர் என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? மகள் தன் இஷ்டத்துக்குக் கட்டிக்கொண்டவனின் கையை உடைத்துவிட்டு, மகளை வீட்டில் பூட்டிவைத்திருந்தார். எல்லாம் என் கைங்கரியம்.

"நடிப்புதாம்மா" என்று சுரேஷ் சொல்லிப் பார்த்திருக்கிறான். "நடிப்பு நடிப்புன்னா, கராத்தேயும் நடிப்பாலா? நாளைக்கு ஒரு சண்டைன்னா எம்மவன் எலும்ப நான் பொறுக்கிக்கிட்டு வரணும். வேணாம் சாமி" என்று மங்களம் அக்கா முடித்துவிட்டார். நீங்கள் சிரிக்கலாம். தகப்பன் இல்லாமல் வளர்த்த ஒற்றைப் பிள்ளை; அந்த அம்மாளின் பயம் அவருக்கு. கவிதா மூன்று வேளையும் சாப்பிடாமல் அறைக்குள் கிடந்தாள்.

மாஸ்டரின் மனைவி அமுதா அண்ணி என்னைத் தேடி வந்தார். கொய்யாப்பழத்துக்குப் பேர்போன பீடோருக்கே ஒரு பை கொய்யாப்பழம் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். மனது எந்த நிலையில் இருக்கிறது என்று அதிலேயே தெரிந்தது. "நாடகம் முடியப் போவுதுல்ல ஸ்டெல்லா. கடைசியில அவரு திருந்திட்ட மாரி எழுதேன். மருமவன் கால்ல விழுந்து அழட்டும். அந்தம்மா பார்த்தா மனசு எளகிடும்" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. உட்கார்ந்து எழுதினேன். நானே அழுதுகொண்டு எழுதினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசிக் காட்சிக்கு எஸ்டேட்டில் மூடிக் கிடந்த ரப்பர் ஆலையைப் பிடித்திருந்தோம். சுற்றிலும் செம்பனை மரங்கள். மாஸ்டர் ஒரு துருப்பிடித்த இயந்திரத்தின் மேல் உட்கார்ந்து நான் எழுதியதைப் படித்தார்.

"என்ன தங்கச்சி இது?"

"நீங்க திருந்துறீங்கண்ணே."

"யாரு கேட்டா?"

"அண்ணிதான் சொன்னாங்க."

"அமுதா எனக்குப் பொண்டாட்டி. இவனுக்கு இல்ல" என்றார். "இவன் மருமவன் கைய ஒடைச்சவன். சனங்கள இவ்வளவு நாளா அழவெச்சவன். கடைசி நாளு வந்து கால்ல விழுந்துட்டா சரியாப் போச்சா? இவன் அடி வாங்கணும்னு என் பஸ்ஸுல பொம்பளைங்க நேந்துக்கிட்டு வாராங்க. அவங்க மூஞ்சிய நான் எப்படிப் பாக்குறது?"

"கவிதா கல்யாணம் நின்னு போயிடும்ணே."

அவர் முகம் சுருங்கிவிட்டது. நான் எழுதிய எந்த வசனத்துக்கும் அந்த முகம் வந்ததில்லை. காகிதங்களை மடித்து என் கையில் வைத்தார்.

"அதுக்கு நான் பாலனா போயி யாரு கால்ல வேணாலும் விழுறேன் தங்கச்சி. இவன விழவைக்காத."

என்ன பிடிவாதம் பாருங்கள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி என்றும் தெரிந்தது, அதனால் கோபம் இன்னும் கூடியது. அங்கேயே ஒரு பலகையில் உட்கார்ந்து மாற்றி எழுதினேன். வில்லன் திருந்தவில்லை. கட்டுப் போட்ட கையோடு வந்த மருமகன் மற்றொரு கையால் அவனைப் புரட்டி எடுத்தான். விஷயம் தெரிந்ததும் கவிதா அப்பாவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

மாஸ்டர் சொன்னபடியே செய்தார். மங்களம் அக்காவுக்குத் தானே போன் போட்டார். நானும் அண்ணியும் பக்கத்தில் இருந்தோம். "அம்மா, நான்தான் அந்தப் பாவி பேசுறேன்" என்று தொடங்கினார். "நாடகம் கடைசி நாளு எங்க வீட்டுக்கு வந்து பாருங்க. ஒங்க கால்ல விழுந்து கேக்குறேன்னு வெச்சுக்குங்க. என்னையும் பாருங்க, அவனையும் பாருங்க. பார்த்துட்டு வேணாம்னா, நானே ஒங்கள என் காடியில ஏத்தி ஓட்டிக்கிட்டுப் போயி வீட்டுல விடுறேன்." மங்களம் அக்கா வந்தார். பயம் ஒரு பக்கம் இருந்தாலும், முடிவைப் பார்க்காமல் இருக்க அவராலும் முடியவில்லை என்பது என் கணிப்பு.

சுரேஷோடு வந்தவர் வாசலுக்குப் பக்கத்து நாற்காலியில், கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். நாடகம் தொடங்கியது. கொஞ்சம் கொஞ்சமாக நாற்காலி முன்னால் நகர்ந்தது. ஆலையில் சண்டை வந்தபோது டிவிக்கு நேர் எதிரே இருந்தார். "விடாதலா! அந்தக் கம்பிய எடு! பின்னால பாரு, பின்னால பாரு!" பின்னால் டீத் தட்டோடு நின்றுகொண்டிருந்தவர் மாஸ்டர். நானும் அண்ணியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் காரியம் கெட்டிருக்கும். மருமகன் விட்ட கடைசி உதையில் வில்லன் மேல்தளத்திலிருந்து சுழன்று விழுந்தான். மங்களம் அக்கா இரண்டு கையையும் தட்டி, "ஒழிஞ்சான் சனியன்!" என்றார்.

அப்புறம்தான் எந்த வீட்டில் இருக்கிறோம் என்று நினைவு வந்தது. மெதுவாகத் திரும்பினார்.

"டீ எடுத்துக்குங்கம்மா" என்றார் மாஸ்டர்.

அந்த அம்மாள் டிவியில் கிடந்தவனைப் பார்த்தார். நின்றவரைப் பார்த்தார். "அவ்வளவு ஒசரத்துலேர்ந்து விழுந்தீங்களே. அடி படலையா?"

"மருமவன் கால் என் மேல படவே இல்லம்மா. நானாத்தான் விழுந்தேன்."

மங்களம் அக்கா டீயை எடுத்துக்கொண்டார். ஒரு வாய் குடித்தார். "அவனுக்கு இது நல்லா வேணும்" என்று டிவியைக் காட்டிச் சொன்னார். பிறகு, "நீங்க எவ்வளவு நேரம் நிப்பீங்க, ஒக்காருங்க சம்பந்தி" என்றார். அறைக்குள்ளிருந்து கவிதா ஓடிவந்து அப்பாவைக் கட்டிக்கொண்டாள். இரண்டு கையாலும் டீத் தட்டைப் பிடித்திருந்ததால் அவரால் மகளைக் கட்டிக்கொள்ள முடியவில்லை. "தட்ட யாராச்சும் வாங்குங்கலா!" என்று கத்தினார். எங்கள் பேராக்கையே நடுங்கவைத்த வில்லன், மீசை நனைய அழுதது அன்றுதான்.

மாஸ்டரின் இறுதிச் சடங்கில் தொழிற்சாலைப் பெண்கள் பஸ்ஸோடு வந்து இறங்கினார்கள். கராத்தே மாணவர்கள் வரிசையாக நின்று குனிந்து வணங்கினார்கள். மங்களம் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். "எம்மவன ஒரு வார்த்த அதட்டுனதில்ல ஸ்டெல்லா. தகப்பன் இல்லாத கொறைய அவரு தெரியவிடல" என்று சொல்லிச் சொல்லி அழுதார். திடீரென்று கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"ஆனா அந்த மாமனார்காரன் இருக்கான் பாரு, கைய ஒடைச்சவன். அவன மட்டும் நான் இன்னும் மன்னிக்கல."

மாஸ்டரின் நினைவாக நான் வைத்துக்கொள்வது அந்த அம்மாளின் ஆறாத கோபத்தைத்தான். எந்த விருதும் இதற்கு ஈடாகாது. எழுத உட்கார்ந்து, நாலு பேர் மனம் நோகுமே என்று கை தயங்கும்போதெல்லாம் அதை எடுத்துப் பார்த்துக்கொள்வேன். தனபாலன் அண்ணனுக்காக நான் இன்னும் பல நாள் அழுவேன். அந்தப் பாவிக்காக ஒரு சொட்டுக்கூட விடமாட்டேன், அண்ணனுக்கு நான் செய்யும் மரியாதை அது.