கறிக்கையோடு எழுந்த யோசுவா

ஆட்டோக்காரர் யோசுவா குடித்த காலத்தில், கழக்கூட்டம் ஊர் ஆட்டோ ஸ்டாண்டில் அவர் எந்தத் தூணடியில் கிடப்பார் என்பது மனைவி ரோஸ்லெட்டுக்கு அத்துப்படி. குடியை விட்டபின் திருவிருந்தில்கூட அப்பத்தை மட்டும் வாங்குவார். ஒயின் கோப்பை வந்தால் தலையைக் குனிந்துகொள்வார். வீம்பு என்று சபையில் முணுமுணுத்தார்கள். முணுமுணுத்த யாரும் அவர் வாந்தியைக் கழுவியதில்லை.

கிறிஸ்துமஸ் மதியம் ரோஸ்லெட்டின் தங்கை பிந்து வீட்டில் சாப்பாடு. பாதியில் பிந்துவின் புருஷன் சுஜித் வீட்டில் ஊறப்போட்ட ஒயின் ஜாடியைத் தூக்கி வந்து திறந்தான். கிராம்பு மணம் வீட்டை நிறைத்தது.

"சகலை, ஒரு வாய். பிந்து கை நோவப் போட்டதாக்கும்."

"வேண்டாம், கேட்டியா."

"கோயில்ல குடுக்கதுதானே?"

"அங்கயே நான் வாங்கதில்ல, சுஜித்தே."

"அப்போ எங்க வீட்டுல விஷமா வச்சிருக்கு?"

பிந்துவின் முகம் சுண்டியது. சுஜித் கிளாசை நிரப்பி யோசுவாவின் தட்டருகே வைத்தான். அவர் பார்வை அதிலேயே நின்றது. மறுகணம் கறிக்கையோடு எழுந்தார், செருப்புகூடப் போடாமல் வெளியே போய்விட்டார்.

"என்னா அகங்காரம்!" என்றான் சுஜித்.

ரோஸ்லெட்டுக்கும் பற்றிக்கொண்டு வந்தது. வாசலில் நின்ற அவர் ஆட்டோவுக்கு ஓடினாள். "மானத்த வாங்கிட்டீங்களே! வேண்டாம்னு சொல்லிட்டு இருந்து தின்னா என்ன?"

யோசுவா பின்சீட்டில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். விரல்களில் மீன்கறி காயத் தொடங்கியிருந்தது.

"இன்னும் கொஞ்சம் இருந்திருந்தா குடிச்சிருப்பேன்டி. எனக்கு அவ்வளவுதான் பலம்." இடது கையால் சாவியை நீட்டினார். "இத நீ வச்சுக்க. வளைவு திரும்புனா பீவறேஜ் பிராந்திக்கடை."

குடிக்க மாட்டேன் என்று நின்று வாதாடியவர்கள் எத்தனை பேர் அந்தக் கடை வரிசையில் நிற்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். இந்த மனுஷன் தன் பலம் எவ்வளவு என்று அறிந்து ஓடிவந்திருக்கிறார். சபையில் சாட்சி சொல்கிற எவருக்கும் இந்தத் துணிச்சல் கிடையாது.

சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனாள்.

"பிந்து, அத்தானுக்குச் சோறு பொதிஞ்சு தா. எனக்கும் சேர்த்து. கோவிக்கணும்னா நாளைக்குக் கோவிச்சுக்க."

"நீயுமா அக்கா?"

"நானும்தான். கட்டினது நானாக்கும்."

ஆட்டோவில் பொதியைப் பிரித்தாள். பாட்டில் தண்ணீரை அவர் கையில் ஊற்றினாள். முதல் உருண்டையை வாயில் வைத்தவர் சொன்னார்: "மீன்ல உப்பு கூடுதல்."

"பிந்து காதுல போட்டுராதீங்க. இன்னைக்கு அவளுக்கு இவ்வளவு போதும்."